பதினாறாவது பொத்தான்

சட்டைப் பொத்தான் ஒன்று தொலைந்துபோனால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது லேசில்லை. நிறம் ஒத்துவந்தால் அளவு ஒத்துவராது. அளவும் ஒத்துவந்தால் ஓட்டை இரண்டா நான்கா என்று வம்பு வரும். அதனால்தான் பழைய சட்டைகளைக் கரித்துணியாக்குவதற்கு முன்னால் பொத்தான்களை வெட்டி ஒரு டப்பாவில் சேர்த்துவைப்பது என் வழக்கம். மேசைமேல் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பதினைந்தும் அந்த டப்பாவிலிருந்து வந்தவைதான். பதினாறாவது எங்கே இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. ஏன் என்று கேட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, இனிமேல்.

என் அண்ணன் முப்பத்தொரு வருடம் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்தவர். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அண்ணன், அண்ணன் தலைக்கு மேலே கடிகாரம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று எழுதுவது அவர் வேலை. காலையிலும் மாலையிலும் சங்கு ஊதுவதும் அவர்தான். தொழிலாளிகள் அவருக்கே 'சங்கு' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். மரியாதைக்காக வைத்தது என்று நம்பினார்.

ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. பகலா இரவா என்பதே புகைமாதிரிதான் தெரியும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்தப் பெண்ணும் நேரத்துக்கு வந்துசேரவில்லை போல. நானும் செய்துகொள்ளவில்லை, அதற்கு அண்ணன் நேரம் ஒதுக்கவில்லை. ஆக, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் யாரோ போனில் பேசியதை யாரோ அனுப்ப, அதை அண்ணன் மூன்று தடவை கேட்டார். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது. "உண்ணாவிரதமா அண்ணா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்லாதே. நான் ஏதோ கோரிக்கை வெச்சு உக்காந்த மாதிரி இருக்கு. இது விஞ்ஞானம்" என்றார். விஞ்ஞானத்துக்கு ஒரு டைமர் வாங்கச் சொன்னார்.

போனிலேயே அதற்கு எத்தனையோ வசதி உண்டு. அவருக்கு அது பிடிக்கவில்லை. போன் நேரம் சொல்லும், நேரம் தெரிந்தால் பசிக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பாத்திரக் கடையில் விற்கும் சாதாரண டைமர் போதும் என்றார். முறுக்கி விட்டால் டிக் டிக் என்று ஓடி, அறுபது நிமிடம் கழித்து மணி அடிக்கும். சிவப்பு நிறம், உள்ளங்கை அளவு. அதையும் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். கண்ணாடிமேல் உள்ள கீறல் வாங்கும்போதே இருந்தது.

அறுபது நிமிடத்துக்கு மேல் அது ஓடாது. எனவே பதினாறு மணி நேரம் என்றால் பதினாறு தடவை ஒருவர் முறுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று வீட்டில் விவாதம் எதுவும் நடக்கவில்லை. "விளையாடுறவனே நடுவரா இருக்கக் கூடாது" என்றார். தூக்கத்துக்கு மட்டும் சலுகை: இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை எட்டு மணி நேரம் மொத்தமாகக் கழிந்துவிடும். மாலை ஏழு மணிக்குக் கடைசிக் கவளம். தூங்கப் போகுமுன் இரண்டு மணி, எழுந்தபின் ஆறு மணி. பதினொன்றுக்குச் சாப்பாடு. கணக்குக்காகத்தான் பொத்தான்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி, அதன்மேல் இரண்டு டம்ளர். சமையலறையில் மணி அடித்ததும் இடது டம்ளரிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து வலது டம்ளரில் போடுவார். டங் என்று ஒரு சத்தம். வருகைப் பதிவு மாதிரி.

விதிகளையும் அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்று, வீட்டில் கடிகாரம் இருக்கக் கூடாது. இரண்டு, டைமரை அவர் தொடக் கூடாது. மூன்று, அவர் கேட்டாலும் கெஞ்சினாலும் நேரம் சொல்லக் கூடாது. நான்கு, பதினாறாவது மணி வரை சமையலறை பூட்டியிருக்க வேண்டும், சாவி என்னிடம் இருக்க வேண்டும். கீழே கையெழுத்து. நான் விரலைப் பிடித்துக் காட்டியும் கையெழுத்து வரியை விட்டு மேலே ஏறிப் போயிருக்கிறது, பாருங்கள். அந்தக் காகிதம் உங்கள் கோப்பில் முதலில் இருக்க வேண்டியது. ஏன் கடைசியில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் இதை அவரே பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு இப்படி இருக்கக் கூடாதுங்க. சர்க்கரை சட்டுனு இறங்கிடும். அப்புறம் மயக்கம்தான், உயிருக்கே ஆபத்து" என்றாள். என்னைப் பார்த்து, "கை நடுங்கினாலோ வேர்த்தாலோ உடனே இனிப்பா ஏதாவது குடுத்துடுங்கம்மா" என்றாள். நான் தலையாட்டினேன். வரும் வழியில் அண்ணன், "அந்தப் பொண்ணு பொறக்கும்போது நான் பத்து வருஷம் சர்வீஸ் போட்டாச்சு" என்று அந்த விஷயத்தை முடித்துவிட்டார். நான் அதைக் கேட்டேன். நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டே வாரத்தில் போனில் ஒரு குழு தொடங்கினார். பழைய ஆபீஸ் ஆட்கள் முப்பத்திரண்டு பேர். குழுவின் பெயர் 'பதினாறு'. தினமும் முடிக்கும்போது அவர் பேசுவதை நான் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். "பதினாறு முடிஞ்சுது. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு. மனசு கண்ணாடி மாதிரி இருக்கு." முப்பத்திரண்டு கட்டைவிரல் உயரும். பஞ்சும் கண்ணாடியும் அனுப்பிய கையோடு அவர் சாப்பிட உட்கார்வார். பதினாறு மணி நேரத் துறவியை நீங்கள் பார்த்ததில்லை. எட்டு மணி நேரம் அவர் ஒரு தனி ஆள் ஹாஸ்டல். ஐந்து வேளை. நான் சமைத்து, பரிமாறி, கழுவி நிமிர்வதற்குள் ஏழு மணி. பிறகு டைமர்.

பகலில் மணிக்கொரு தடவை முறுக்குவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். குளிக்கப் போனாலும் காதை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாள் தலைக்குச் சோப்புப் போட்டபடி ஓடிவந்து முறுக்கினேன். அப்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது, தலையில் நுரை, கையில் ஒரு பொம்மை மணி. அழவில்லை. முறுக்கிவிட்டு மீதியைக் குளித்தேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாக எங்காவது கேள்விப்படுவதற்கு முன்னால். நானும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தேன். தையல் பிரிவு, ஜன்னலோர மெஷின். பத்தொன்பது பேரில் காலர் வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு நாள் அண்ணன் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டார். பாதி வழியில் ஞாபகம் வந்து என்னைத் திருப்பி அனுப்பினார். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கூண்டு ஜன்னல் வழியாக டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். என் பெயருக்கு நேராகத் தாமதம் என்று எழுதினார். நான்கு நிமிடம். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை; மூன்று என்றால் வேலை போய்விடும். "தங்கச்சின்னு பாத்தா நாளைக்கு அத்தனை பேரும் தங்கச்சியா வந்து நிப்பாங்க" என்று மேனேஜரிடமே சொன்னார். மேனேஜர் கைகுலுக்கினாராம். அன்றிலிருந்து வீட்டில் சமைக்கிறேன். இருபத்தாறு வருடம் ஆகிறது. இதைக் காரணம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்கு மறந்தே போயிருந்தது.

காரணம் என்று ஒன்று வேண்டுமென்றால், கடையை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடையில் ஓர் ஆல்டரேஷன் கடை இருக்கிறது. துணியைப் பிடித்து, பிரித்து, நீளம் குறைத்துக் கொடுக்கும் கடை. அண்ணனுடைய பேண்டைக் கொடுக்கப் போனவள், அங்கே ஒரு பெண் காலரோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் வாங்கி வைத்துக் கொடுத்தேன். கடைக்கார அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வர்றியா?" என்றார். இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் எங்கேயும் வரச் சொன்னதில்லை.

போனேன். காய் வாங்கப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டேன். போக இருபது நிமிடம், வர இருபது, தைக்க இருபது. மணி அடிப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு கை தைப்பதற்குள் எழுந்து ஓடுவேன். அக்கா சிரித்தார். "வேலை சுத்தமா இருக்கு. ஆனா இப்படி மணிக்கொரு தரம் எந்திரிச்சு ஓடுறியே, வீட்ல பால் குடிக்கிற குழந்தையா?"

"ஆமாக்கா. அறுபத்தாறு வயசு."

பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஜன்னல் பக்கத்து மெஷின் அடுத்த மாசத்துலேர்ந்து காலி. ஒன்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நகராம உக்காந்தா உனக்குத்தான். நாலு வாரம் பாக்கறேன். ஒரு நாள் லேட்டா வந்தாலும், சீக்கிரம் கிளம்பினாலும், வேற ஆளை வெச்சுக்குவேன். தப்பா நெனைக்காதே."

நான் தப்பாக நினைக்கவில்லை. அந்த மெஷினை மட்டும்தான் நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருக்கிறது. அதன் நிழல் துணிமேல் விழும். அங்கே உட்கார்ந்து நூல் கோக்கும் ஒரு நொடிக்கு நான் யாருக்கும் எதையும் முறுக்க வேண்டியதில்லை. அது கிடைக்காவிட்டால் நான் அந்த வீட்டில் உயிரோடு இருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைக் கொஞ்சம்கூட மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

முதல் நாள் ஏழு நிமிடம் தாமதமாக முறுக்கினேன். மணி அடித்தது, பொத்தான் விழுந்தது, நான் கதவைப் பார்த்தபடி சும்மா நின்றேன். உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை. அடுத்த நாள் பதினைந்து. பிறகு ஒரு காலையில், எட்டரைக்கு அவரைப் பதின்மூன்றாவது பொத்தானைப் போட வைத்துவிட்டு, டைமரைத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அது என்னோடு இருக்கும்வரை வீட்டில் மணி அடிக்க வழியில்லை, பாருங்கள். ஒரு மணிக்குக் கிளம்பி, வழியில் முறுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் மணி அடித்தது. பதினான்கு. மிச்சம் இரண்டையும் பத்துப் பத்து நிமிடத்தில் முடித்துச் சோறு போட்டேன்.

கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். முப்பத்தொரு வருடம் நேரத்தைக் காவல் காத்தவர் அல்லவா. அவர் கண்டுபிடித்தது வேறு. "பதினாலாவது மணி இருக்கே, அதுதான் மலை" என்று குழுவுக்குப் பேசினார். "அதை ஏறிட்டா பதினஞ்சும் பதினாறும் இறக்கம். சும்மா உருண்டு வந்துடலாம்." கட்டைவிரல்கள் உயர்ந்தன. பழைய ஸ்டோர் கீப்பர், "ரொம்பச் சரி சார், எனக்கும் பதினாலுதான் மலை" என்று எழுதினார். இன்னும் நான்கு பேர் தங்களுக்கும் அந்த மலை இருப்பதை உறுதி செய்தார்கள்.

அந்த ஸ்டோர் கீப்பரே மறுநாள், ஏன் சாருடைய குரல் பதினொன்றுக்கு வரவில்லை என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதன்பின் அண்ணன் சாப்பிட்டு முடித்த பிற்பாடு, "இப்பப் பேசிடுங்க அண்ணா, இப்பதான் குரல் கம்பீரமா இருக்கு" என்று அடுத்த நாள் செய்தியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்கு வேண்டிய காயை இன்றே நறுக்கி வைப்பது போலத்தான். தினமும் பதினொன்றுக்குக் கடையில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அனுப்புவேன். வயிறு நிறைந்த ஏப்பத்தை அடக்கிக்கொண்டு அவர் பசியைப் பற்றிப் பேசுவதை முப்பத்திரண்டு பேர் பக்தியோடு கேட்டார்கள்.

பள்ளிக்கூடம்தான் தொந்தரவு. தெருமுனைப் பள்ளியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால் பிள்ளைகள் கத்துவது வீடு வரைக்கும் கேட்கும். அண்ணன் கணக்கில் அப்போது மணி எட்டே முக்கால். "என்ன இது, எட்டே முக்காலுக்கெல்லாம் சோத்துக்கு விட்டுட்டான்?" என்றார். அவர் தன்னைச் சந்தேகப்படவில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு புகார்க் கடிதம் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். 'நேர ஒழுக்கம் இல்லாத நிறுவனம் எத்தகைய குடிமக்களை உருவாக்கும்' என்று அதில் ஒரு வரி உண்டு. ஒட்டி, அனுப்பினேன். தங்கள் மணி சரியாகவே அடிக்கிறது என்றும், ஐயா அவர்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தலைமையாசிரியர் தன் கைப்பட எழுதிப் பதில் போட்டிருந்தார். நல்ல மனிதர். நான் அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "தவறுக்கு வருந்துகிறோம், சரிசெய்கிறோம்" என்று.

அவர் இளைத்தார். சாப்பிடும் நேரமும் சுருங்கிவிட்டதே. மாலை ஏழு மட்டும் உண்மையான ஏழு. "சாப்பிடற நேரம் மட்டும் ஓடியே போயிடுது" என்று அதையும் தத்துவமாகக் குழுவுக்கு அனுப்பினார். சட்டைகள் தொளதொளத்ததும் நான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துவிட்டேன். இரண்டு தடவை. என் தொழில் அது. அவர் தோளைத் தடவிப் பார்த்து, "சட்டை அப்படியே இருக்கே. நான் இளைக்கவே இல்லையா?" என்பார். "இல்லையே அண்ணா." "அப்ப இன்னும் கட்டுப்பாடு வேணும்" என்பார்.

கை நடுங்கத் தொடங்கியது மூன்றாவது வாரத்தில். பொத்தான் டம்ளரின் விளிம்பில் தட்டித் தட்டித்தான் உள்ளே விழும். வேர்த்தது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் நான்காவது விதியும் ஞாபகம் இருந்தது.

கடைசி நாள் நான்காவது வாரத்தின் கடைசி நாள். அன்றைக்கு நகராமல் உட்கார்ந்தால் மெஷின் எனக்கு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான் கைப்பையை எடுத்த சத்தம் கேட்டு, "கொஞ்சம் இரு" என்றார்.

"என்ன அண்ணா?"

"பள்ளிக்கூடத்துக்காரன் சரி பண்றேன்னான். பண்ணலையே. நேத்தும் எட்டே முக்காலுக்கே விட்டான்."

"ஆமா."

"அவன் சரியா இருந்தா..." டம்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என் கணக்கு எங்கயோ தப்புதா?"

"டைமர் சொல்றதுதானே அண்ணா கணக்கு."

"அதுவும் சரிதான். டைமர் தப்பாது." பிறகு சின்னக் குரலில், "மணி என்ன இப்போ? நான் கேட்டேன்னு குரூப்ல சொல்லிடாதே" என்றார்.

"மூணாவது விதிண்ணா."

"தெரியும்மா. நான் எழுதினதுதானே. இன்னிக்கு ஒரு நாள் சொல்லேன். மூணு பட்டன்தானே மிச்சம். என்னவோ பயமா இருக்கு."

என் அண்ணன் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு கரண்டி சர்க்கரை போதும். ஆனால் எட்டு முப்பத்தைந்து ஆகிவிட்டது. ஒன்பதுக்கு அங்கே இருக்க வேண்டும். "காய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். டைமர் பையில்தான் இருந்தது. சமையலறைச் சாவியும்.

நன்றாகத் தைத்தேன். பதினொன்றுக்குச் செய்தியை அனுப்பினேன். பஞ்சு, கண்ணாடி. முப்பத்திரண்டு கட்டைவிரல். ஒரு மணிக்கு அக்கா என் தோளில் தட்டி, "திங்கட்கிழமையிலேர்ந்து இது உன் மெஷின்" என்றார். வெளியே வந்து, வழக்கம்போல இருபத்தைந்து நிமிடம் முறுக்கி, பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று இருபத்தொன்றுக்கு வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். முன்னறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அவர் தரையில், சமையலறைக் கதவுக்குக் கீழே கிடந்தார். டம்ளர்கள் உருண்டிருந்தன, பொத்தான்கள் தரையெல்லாம். மூச்சு குறட்டை மாதிரி வந்துகொண்டிருந்தது. வாய் எதையோ சப்பிக்கொண்டிருந்தது. பதினாறாவது பொத்தான் அவர் நாக்குக்கு அடியில் இருந்ததாக உங்கள் டாக்டர் சொன்னார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வாயில் போட ஏதாவது ஒன்று வேண்டும், வீட்டில் கைக்கு எட்டியது அதுதான்.

சாவி கையில் இருந்தது. டைமரை வெளியே எடுத்துப் பார்த்தேன். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

அண்ணன் எதிலும் முறையைப் பார்ப்பவர். முள் பூஜ்யத்துக்கு வருவதற்கு முன்னால் நான் உள்ளே போயிருந்தால் அவருடைய ஏழு மாத ஒழுக்கத்துக்கு என்ன மரியாதை? அதனால் நின்றேன். முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிக் டிக் சத்தம் உள்ளே கேட்டிருக்கும். ஒரு கட்டத்தில் அவர் கை தரையில் ஒரு பொத்தானைத் தேடியது, பிறகு தேடவில்லை. மணி அடித்தது. கதவைத் திறந்தேன். நேராகச் சமையலறைக்குப் போய்ச் சர்க்கரையைக் கரைத்தேன். குடிக்க ஆள் இல்லை.

ஐந்து நிமிடம் முன்னால் இனிப்பு உள்ளே போயிருந்தால்கூட ஒருவேளை பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நான்தான் செய்தேன், எல்லாவற்றையும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் இவ்வளவு பெரிதாக நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. நாலு நிமிஷம்தானே அண்ணா, என்று நானும் ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்.